தீயரணை நிறுத்துவது தீர்வாகுமா?

பள்ளிக் கணினியில் அச்சுப்பொறி இயங்கவில்லை; கோப்பைப் பகிர முடியவில்லை. உடனே ஒருவர், “ஃபயர்வாலை நிறுத்திவிடுங்கள், சரியாகிவிடும்” என்கிறார். நிறுத்துகிறோம், வேலை முடிகிறது. பின்னர் அதனை மீண்டும் இயக்க எவருக்கும் நினைவிருப்பதில்லை. நம்மிடையே வேரூன்றிவிட்ட இப்பழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

ஃபயர்வாலைத் தமிழில் தீயரண் என்கிறோம். அதன் பணியை உணர ‘போர்ட்’ என்பதை முதலில் அறிய வேண்டும். கணினியின் ஐ.பி. முகவரி வீட்டு முகவரி போன்றது எனில், போர்ட் அவ்வீட்டின் எண்ணிட்ட வாயிலாகும். வாயில்களின் எண்கள் 0 முதல் 65535 வரை செல்கின்றன. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389. ஏதேனும் ஒரு மென்பொருள் அழைப்புக்காகக் காத்திருக்கும் வாயிலே திறந்த வாயில். அங்கே யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் காவலரே தீயரண்.

காவலர் இல்லாத வாயிலால் என்ன நேரும்? 2017 மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ நச்சுநிரல் 445ஆம் வாயில் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. எவரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவும் முடங்கின. இத்தனைக்கும் அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஆசிரியர் அறையில் கோப்புப் பகிர்வுக்காக நாம் திறக்கும் வாயிலும் இதே 445 தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதிப்பது கடினமன்று. விண்டோஸில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்னும் கருவியைத் திறந்து, ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘லிசனிங் போர்ட்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். எந்த மென்பொருள் எந்த வாயிலில் காத்திருக்கிறது, தீயரண் அதனை அனுமதிக்கிறதா என்பன அங்கே தெரியும். தேவையற்ற சேவையை நிறுத்துங்கள். தேவையானதற்குத் தீயரணில் தனி விதி அமைத்து, ‘லோக்கல் சப்நெட்’ என்று வரையறுத்தால், உள்வலையில் உள்ள கணினிகள் மட்டுமே அதனை அணுக இயலும். அந்த விதி எதற்காக, எந்நாளில், யாரால் அமைக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று.

பெற்றோர்களும் வீட்டு ரவுட்டரைக் கவனிக்க வேண்டும். 2016இல் ‘மிராய்’ நச்சுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் டெல்நெட் வாயில் வழியே கைப்பற்றியது. கடவுச்சொல்லை மாற்றுங்கள். விளையாட்டுகளுக்காகத் தானாகவே வாயில் திறந்துவிடும் ‘யூபிஎன்பி’ வசதி தேவையில்லையெனில் முடக்குங்கள்.

தீயரண் ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. அனுமதித்த வாயில் வழியாகவும், நாமே தரவிறக்கும் கோப்பின் வழியாகவும் தீங்கு நுழையலாம். ஆதலால் மென்பொருள் திருத்தங்களும், தனியே எடுத்துவைத்த நகல்களும் இன்றியமையாதவை.

“இவையெல்லாம் தொழில்நுட்பரின் வேலை” என்று சிலர் கூறலாம். பழுது பார்ப்பது அவர் வேலை. ஆனால் கணினியில் இருப்பவை நம் மாணவர்களின் மதிப்பெண்களும் குடும்ப விவரங்களுமாகும். பெற்றோர் அவற்றை நம்மை நம்பியே ஒப்படைத்தனர். ஒரு வாயிலைத் திறப்பதற்காக வீட்டுச் சுவரையே இடிப்பார் உண்டோ? சிந்திப்போம், வருமுன் காப்போம்.