துறை மாறலாம், தயாராகி மாறுங்கள்!

மெக்கானிக்கல் சேர்ந்து மூன்று வருடம் ஓடிய பிறகு, மகளுக்கு டேட்டா சயின்ஸ் மீது ஆசை வந்துவிடுகிறது. 'இனி மாற முடியுமா?' என்று அவள் தவிக்கிறாள். 'கட்டின ஃபீஸ் எல்லாம் வீணா?' என்று வீடு கலங்குகிறது. இரண்டு கவலையும் வேண்டாம்.

எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வை, பி.இ-யில் எந்தப் பிரிவு படித்தவரும் விரும்பிய தாளில் எழுதலாம். டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்கு 2024 முதல் தனித் தாளே உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். ஸ்கோர் 3 ஆண்டுகள் செல்லும்.

ஆனால், ஸ்கோர் மட்டும் சீட் வாங்கித் தராது. எந்தப் பட்டத்தையும் எந்தத் தாளையும் ஏற்பது என்பதை ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தனித்தனியே முடிவு செய்கிறது. சேர விரும்பும் இடங்களின் சேர்க்கை அறிவிப்பைப் படித்த பிறகே தாளைத் தேர்ந்தெடுங்கள்.

நேர்காணல் இருந்தால், 'ஏன் மாறுகிறீர்கள்?' என்ற கேள்விக்குத் தயாராகச் செல்லுங்கள். 'இதற்குத்தான் ஸ்கோப்' என்பது பதிலாகாது. மோட்டாரின் அதிர்வுத் தரவை வைத்து, பழுதை முன்கூட்டியே கணிக்கும் சிறிய புராஜெக்ட் ஒன்றைச் செய்து காட்டலாம். வீணானதாக நினைத்த மெக்கானிக்கல் படிப்பு, அங்கே பலமாக நிற்கும்.