ஆளில்லா நிலையத்தில் ஓர் அமானிதம்

 

இம்மாதம் உங்களை நெடுந்தொலைவிலுள்ள ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்ல விழைகின்றேன். வேல்ஸ் நாட்டின் எல்லையில், டீம் ஆற்றின் கரையில் நைட்டன் என்றோர் ஊர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ 3,000. சுற்றிலும் குன்றுகள், குன்றுகளெல்லாம் செம்மறி ஆடுகள். ஆட்டுச் சந்தையால் பெயர்பெற்ற ஊர் அது.

அவ்வூரின் இரயில் நிலையம் விந்தையானது. ஊர் வேல்ஸில் இருக்கின்றது. நிலையமோ எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில் இருக்கின்றது! அங்கே நிலைய அதிகாரி இல்லை. சீட்டுக் கொடுப்பவர் இல்லை. கொடி அசைப்பவரும் இல்லை. நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே வந்து செல்கின்றன.

1861இல் இரயில் கண்ட ஊர் இது. 1963இல் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கையால் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான மைல் இருப்புப் பாதைகள் மூடப்பட்டன. ஷ்ரூஸ்பரியிலிருந்து ஸ்வான்ஸீ வரை ஏறத்தாழ 120 மைல் செல்லும் இப்பாதை உயிர் பிழைத்தது. பிழைத்ததற்குக் கொடுத்த விலை சிக்கனம். நிலையங்களில் இருந்த பணியாளர்கள் ஒவ்வொருவராய் மறைந்தனர்.

அப்படியாயின், ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே மோதாமல் காப்பவர் யார்?

நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில், வளையத்தில் கோத்த டோக்கனை நிலையத்தார் நீட்ட, ஓட்டுநர் பற்றிச் செல்வதை மூத்த வாசகர்கள் கண்டிருப்பீர்கள். டோக்கன் கையில் உள்ள வண்டிக்கே அப்பாதையில் செல்ல உரிமை. நைட்டனில் அதை நீட்ட ஆளில்லை. 1986இல் புகுத்தப்பட்ட முறைப்படி, வண்டியில் வருபவரே இறங்கி, பல மைல்களுக்கு அப்பாலுள்ள கட்டுப்பாட்டு அலுவலரிடம் தொலைபேசியில் பேசி, கடந்துவந்த பாதையின் டோக்கனைக் கருவியில் வைத்துவிட்டு, அடுத்த பாதைக்குரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று வெளியே இருக்கும்வரை அதே பாதைக்கு மற்றொன்றைக் கருவி தராது. ஆனால், அதைப் பெறாமல் நகரக் கூடாது என்ற நேர்மையைக் கருவி தர இயலாது. அது மனிதன் நெஞ்சில் இருக்க வேண்டும். இதனை அமானிதம் என்னாமல் வேறென்னென்பது!

ஆட்களைக் குறைப்பதே மேல் என்று நான் சொல்ல வரவில்லை. 1987 அக்டோபர் 19 அன்று, இதே பாதையில் லாண்டைலோ அருகே வெள்ளம் பாலத்தைச் சிதைத்துவிட, விடியுமுன் வந்த வண்டி ஆற்றில் வீழ்ந்து நால்வர் மாண்டனர். டோக்கன் எதிரே வரும் வண்டியைத் தடுக்கும். பெருகிவரும் ஆற்றைத் தடுக்காது. அமானிதத்தை ஏற்றவன் கண் விழித்தும் இருக்க வேண்டும் அன்றோ?

நைட்டனைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வூரின் வேல்ஸ் மொழிப் பெயருக்குக் 'கரைமேல் உள்ள ஊர்' என்பது பொருள். எட்டாம் நூற்றாண்டில் மெர்சியாவை ஆண்ட ஆஃபா மன்னன் பெயரால் வழங்கும் நெடிய மண்கரை அவ்வூர் வழியே செல்கின்றது. அம்மன்னனின் பொற்காசு ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது கலீஃபா அல்மன்ஸூர் காலத்து, ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து அடிக்கப்பட்டது. அதில் அரபி எழுத்தில் கலிமா பொறிக்கப்பட்டிருக்கின்றது. நடுவே 'ஆஃபா அரசன்' என்ற இலத்தீன் சொற்கள் தலைகீழாய் நிற்கின்றன! அரபி எழுத்துகளிலும் பிழைகள் உள்ளன. அச்சு வெட்டியவர் தாம் வெட்டிய சொற்களின் பொருளை அறிந்திருக்கவில்லை என்பதே அறிஞர் கருத்து.

எண்ணிப் பாருங்கள்! ஒரே ஊரின் வரலாற்றில் இரு பொருள்கள். ஒன்று, பொருளறியாமல் பொன்னில் பொறித்த திருவாசகம். மற்றொன்று, பொருளறிந்து கையிலேந்தும் எளிய டோக்கன். பொன்னுக்கு அருங்காட்சியகத்தில் காவல் இருக்கின்றது. டோக்கனுக்கோ அதை ஏந்துபவரின் மனசாட்சியே காவல்.

மதரஸாவில் பிள்ளைகள் கலிமாவை அழகுற ஓதும்போது எனக்கு அந்தக் காசு நினைவுக்கு வருகின்றது. நாவில் பொறித்ததோடு என் கடமை முடிந்துவிடுமா? யாரும் பாராத இடத்தில் அவர்கள் எப்படி நடப்பார்கள் என்பதன்றோ என் பாடத்திற்குத் தேர்வு! பெற்றோரே, அத்தேர்வு உங்களுக்கும் எனக்கும் பொதுவானது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.