வைக்கிற குச்சி, எடுக்கிற உரிமை

தீக்குச்சி அளவில் ஒரு சின்னக் குச்சி. நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். தொட்டால் வளையும் பிளாஸ்டிக். பெண்ணின் மேற்கையில், உள்பக்கமாக, தோலுக்கு அடியில் இதை வைத்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் கரு தங்காது. இம்ப்ளான்ட் என்கிறார்கள். ஒன்றிய அரசு 2023-இல் இதைக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்த்தது. முதலில் சில மாநிலங்களில், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில், இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றில்லாவிட்டால் நாளை எல்லாத் துணை சுகாதார நிலையங்களிலும் இதைப் பற்றிய பேச்சு வரும்.

பேச்சு வருவதற்கு முன்பே வதந்தி வந்துவிட்டது. கொள்ளிடத்தின் இரு கரையிலும் உள்ள காலனித் தெருக்களில், வாழைக்கொல்லை வேலை முடிந்து வரும் பெண்களிடமும், ஸ்ரீரங்கத்துக்குப் பூக்கட்டவும் வீட்டு வேலைக்கும் போய்வரும் பெண்களிடமும் நாங்கள் பேசும்போது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "இது உடம்புக்கு நல்லதா, கெட்டதா?" என்பது ஒன்று. மற்றது, குரலைத் தாழ்த்திக் கேட்பது: "நம்ம சனத்தைக் குறைக்கத்தான் இதைக் கொண்டு வர்றாங்களா?"

இரண்டாவது கேள்வியைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்கள் உண்டு. நாம் சிரிக்க மாட்டோம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

குச்சிக்குள் இருப்பது எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 68 மில்லிகிராம். பெண் உடலில் இயற்கையாகச் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோனைப் போலச் செய்யப்பட்டது. தினமும் மிகக் கொஞ்சமாக இரத்தத்தில் கலந்து, மாதாமாதம் கருமுட்டை வெளியேறுவதை நிறுத்திவைக்கிறது. கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவையும் தடுக்கிறது. இன்று உள்ள கருத்தடை முறைகளில் மிக உறுதியானவற்றில் இது ஒன்று. ஆயிரம் பெண்களுக்கு வைத்தால் ஓராண்டில் ஒருவருக்குக் கரு தங்குவதே அபூர்வம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். தையல் கிடையாது. பால் கொடுக்கும் தாயும் வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் பழையபடி கருத்தரிக்கும் நிலை சீக்கிரமே திரும்பிவிடும். "இனிப் பிள்ளையே பிறக்காது" என்பது பொய். "கை விளங்காமல் போகும்" என்பதும் பொய்.

"குச்சி உடம்புக்குள் ஓடிவிடும்" என்பதை மட்டும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆழமாக வைத்துவிட்டால் அது இடம் மாறியது உண்டு. மிக அரிது, ஆனால் உண்டு. அதனால்தான் பயிற்சி பெற்றவர் மட்டுமே வைக்க வேண்டும். வைத்ததும் அந்தப் பெண் தன் விரலாலேயே தடவிப் பார்க்க வேண்டும். குச்சி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் அன்றே சொல்ல வேண்டும்.

பெரிய தொல்லை வேறு. இரத்தப்போக்கின் ஒழுங்கு மாறிவிடும். சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். சிலருக்கு நினைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படும். சிலருக்கு நாள் கணக்கில் நீடிக்கும். உலகம் முழுவதும் பெண்கள் இந்தக் குச்சியைப் பாதியில் எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். "ஆபத்தில்லை, போகப் போகச் சரியாகும்" என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகம் எழுதியவர் நடவு வயலில் முழங்கால் சேற்றில் காலை ஆறு மணி முதல் மதியம் வரை நின்றவர் அல்ல. கழிப்பறை இல்லாத வேலைத்தளத்தில், மாற்றுத் துணி இல்லாமல், எப்போது படும் என்று தெரியாத உடம்போடு வேலை செய்வது எப்படிப்பட்டது என்பது நம் பெண்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தீட்டு என்று ஒதுக்கிவைக்கும் வீடுகளில் மாதம் மூன்று நாள் என்பது பதினைந்து நாளாக நீண்டால் அந்தப் பெண்ணின் நிலை என்ன? இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் வைக்க வேண்டும். சொல்லி வைத்தால் தாங்கிக்கொள்கிற பெண்கள் நிறையப் பேர். சொல்லாமல் வைத்தால் பயந்துபோகிறார்கள், ஊரையும் பயமுறுத்துகிறார்கள்.

இன்னொன்று, நம் தெருக்களுக்கு அவசியமானது. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற பெண்ணுக்கு இந்தக் குச்சி சரியாக வேலை செய்யாது. காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் இந்த ஹார்மோனை உடம்பிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது கூடாது. பால்வினை நோயிலிருந்தோ எச்.ஐ.வி-யிலிருந்தோ இது காக்காது. அதற்கு ஆணுறைதான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி.

இந்தக் குச்சியின் மூத்த தலைமுறைக்கு நார்பிளான்ட் என்று பெயர். ஆறு குச்சிகள், ஐந்து ஆண்டு. அமெரிக்க அரசு 1990 டிசம்பரில் அதற்கு அனுமதி கொடுத்தது. கொடுத்த இரண்டே நாளில் பிலடெல்பியாவின் பெரிய நாளிதழ் ஒன்று தலையங்கம் எழுதியது. கறுப்பின மக்களின் வறுமையைக் குறைக்க, உதவித்தொகை வாங்கும் ஏழைத் தாய்மார்களுக்கு ஊக்கம் கொடுத்து இதை வைக்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டது. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் ஒரு நீதிபதி, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு கறுப்பினத் தாய்க்கு இதை வைத்துக்கொள்வதையே நன்னடத்தை விடுதலைக்கான நிபந்தனையாக்கினார். வங்கதேசத்தில் இதைச் சோதித்தபோது, எடுத்துவிடச் சொல்லி வந்த ஏழைப் பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டதை உபினிக் என்ற அமைப்பு பதிவு செய்தது.

நம் நாட்டில், 1985-இல் ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில், கருத்தடை ஊசி ஒன்றைச் சோதிக்கக் கிராமத்துப் பெண்களைக் கூட்டினார்கள். அது சோதனை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழர்கள் போய் விளக்கியதும் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். மறு ஆண்டு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நமக்கு இன்னும் நெருக்கமான இடம் கிளிநொச்சி. 2013 ஆகஸ்ட் 31. வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய மூன்று கிராமங்களின் தமிழ்த் தாய்மார்கள் குழந்தைகளை மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி அழைக்கப்பட்டார்கள். போன இடத்தில் அவர்கள் கையில் இரண்டு குச்சி கொண்ட ஜடெல் என்ற கருத்தடைச் சாதனம் வைக்கப்பட்டது. மறுத்தால் பிறகு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னதை உரிமை அமைப்புகள் வெளியிட்டன. போரில் எல்லாம் இழந்து, மீள்குடியேறி நான்கு ஆண்டுகூட ஆகாத மக்கள். குழந்தைக்கு எடை பார்க்கிறார்கள் என்று நம்பிப் போனவர்கள்.

சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். 13 பெண்கள் செத்துப்போனார்கள். தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வீட்டு ஏழைப் பெண்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் கைவிடச் சொன்னது. பின்விளைவுகளைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்றது.

ஆகவே அந்தக் கேள்வி அறியாமையால் வருவதல்ல. ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு "நமக்குக் கருத்தடையே வேண்டாம்" என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அதைச் சொல்வது ஆண்கள்.

கருத்தடை நம்மேல் திணிக்கப்பட்டதற்கு வெகு முன்பே அதை உரிமையாகக் கேட்டவர்கள் நம் தலைவர்கள். பம்பாய் சட்டமன்றத்தில் 1938 நவம்பர் 10 அன்று, கர்ப்பத்தடைக்கான வசதிகளை அரசே செய்துதர வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. அதன்மேல் பி.ஜே. ரோஹம் பேசியது அம்பேத்கர் தயாரித்துக் கொடுத்த உரை. தீர்மானம் தோற்றது, ஆனால் அந்த அவையில் அதைக் கேட்டவர் நம் ஆள். அதற்கும் முன்பே பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் நமக்கு வேண்டிய அளவுகோல். செங்கல்பட்டுப் பக்கம் 1981-இல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து ருவ்செக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொடங்கிய 13 பேரில் 12 பேர் தலித் பெண்கள். பெண்ணின் உடல்நலத்தைச் சேரியிலிருந்தே பேசத் தொடங்கியவர்கள் அவர்கள்.

நம் தெருவில் நடப்பது என்ன? பத்தொன்பதில் கல்யாணம், இருபத்திரண்டுக்குள் இரண்டு குழந்தை, இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள்? நாடு முழுவதற்கும் 2019–21 கணக்கெடுப்பு சொல்வது 0.3 சதவீதம். பெண்களுக்கு 37.9. ஆணுக்குச் செய்வது சிறிய அறுவை, சீக்கிரம் வேலைக்குப் போகலாம். இருந்தும் கத்தி பெண் வயிற்றில்தான். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவே நான்கு ஆண்டு கிடைத்தால் அந்தப் பெண் விட்ட படிப்பை முடிப்பாள், தேர்வு எழுதுவாள், ஒரு வேலையில் நிலைப்பாள். அந்த நான்கு ஆண்டில் மூன்றை இந்தக் குச்சி கொடுக்கும். கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட வீடுகளில் இருந்துகொண்டு பேருந்தில் திருச்சிக் கல்லூரிகளுக்கு வரும் நம் மாணவிகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். ஆனால் எடுக்கச் சொன்ன அன்றே எடுத்துத் தருவார்கள் என்ற உறுதியோடு வேண்டும்.

மாத்திரையை நிறுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியை, அடுத்த முறை போகாமலே நிறுத்திவிடலாம். குச்சியை அந்தப் பெண் தானே எடுக்க முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் சின்னதாகக் கீறி, பயிற்சி பெற்ற கைதான் எடுக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் பெண்ணிடமிருந்து மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. கிளிநொச்சியையும் வங்கதேசத்தையும் நாம் நினைவில் வைக்க வேண்டியது இதற்காகத்தான்.

காப்பர்-டி விஷயத்தில் நாம் பட்டது போதும். பிரசவம் முடிந்த கையோடு வைத்துவிட்டு, வைத்ததையே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிய கதைகளை எத்தனையோ பெண்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுவலி என்று வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே காப்பர்-டி இருப்பது தெரிந்தது என்றார் ஒருவர். எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் "இன்னும் ஒரு மாசம் பாரும்மா" என்பார்கள். "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா" என்பார்கள். பிரசவ வலியில் துடிக்கும்போது வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக் காட்டுவார்கள். எல்லாச் செவிலியர்களும் அப்படியில்லை. சொந்தக் காசில் ஆட்டோ பிடித்துக் கர்ப்பிணியை அழைத்துப்போன நர்சம்மாக்கள் நம் தெருவுக்குத் தெரியும். அவர்கள் தலைமேல் மாதம் இத்தனை பேர் என்று எண்ணிக்கையை வைப்பவர்களைத்தான் கேட்கிறோம். இலக்கு வைக்கும் முறையை அரசு 1996-லேயே கைவிட்டது. பெயரை மாற்றி அது திரும்பி வந்தால், எண்ணிக்கையை நிரப்பப் போவது காலனித் தெருதான்.

எனவே மாவட்டச் சுகாதாரத் துறையிடம் நாம் வைக்கும் கோரிக்கை இது. எந்த நிலையத்தில் குச்சி வைக்கிறார்களோ, அதே நிலையத்தில், கேட்ட அன்றே, காரணம் கேட்காமல் எடுத்துத் தர வேண்டும். வைப்பதற்கு வாசலுக்கு வண்டி அனுப்பிவிட்டு, எடுப்பதற்குப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னால், லால்குடிக்கு அப்பாலிருந்து வரும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, பேருந்துக் காத்திருப்பு, கையில் குழந்தை. அவள் போகமாட்டாள். போகாததைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். எத்தனை பேருக்கு வைத்தோம் என்று அறிக்கை வெளியிடும்போது, எத்தனை பேர் எடுக்கச் சொல்லி வந்தார்கள், எத்தனை பேருக்கு அன்றே எடுத்தோம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். இதைக் கிராமசபையில் தீர்மானமாகக் கேட்கலாம்.

பெண்களுக்கும் சில வார்த்தை. பிரசவத்துக்கு முன்பே, கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போதே, செவிலியரிடம் எல்லா முறைகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணவன் கையெழுத்து வைப்பதற்கும் தேவையில்லை, எடுப்பதற்கும் தேவையில்லை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது. காசநோய், வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். இரத்தப்போக்கு அதிகமானால், வைத்த இடம் வீங்கிச் சீழ் பிடித்தால், காத்திருக்காதீர்கள். நிலையத்தில் பதில் கிடைக்காவிட்டால் 104-க்குப் பேசுங்கள்.

குச்சி வைத்ததும் ஓர் அட்டை தருவார்கள். எந்தக் கையில், எந்தத் தேதியில் வைத்தார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதித் தரும்வரை அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.