"வளருவாள்தானே" என்று சொல்லிச் சைக்கிள் வாங்காதீர்கள்

போன வருசம் எங்கட ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில ஒரு சைக்கிள் வழங்கும் விழா. பதினைஞ்சு சைக்கிள். ஒரே நிறம், ஒரே அளவு. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு இன்னும் மூன்று உரை. கடைசியாகப் பேர் கூப்பிட, ஒவ்வொரு பிள்ளையாகப் போய் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு படத்துக்கு நிண்டதுகள். என்ர சித்தியின்ர மகளும் ஒராள். தரம் எட்டு. படத்தில ஹாண்டில் அவளின்ர நெஞ்சுக்கு நிக்குது.

அந்தப் பின்னேரம் முழுக்க ஒருத்தரும் அவளைப் பார்த்து "ஏறி இரு பிள்ளை, கால் எட்டுதோ பாப்பம்" என்று கேட்கவில்லை.

கால் எட்டவில்லை. சீற்றைக் கடைசிவரைக்கும் இறக்கியும் பெருவிரல் நுனிதான் நிலத்தில பட்டது. ஏறுறதுக்கு மதகுக் கட்டு வேணும், இறங்குறதுக்கும் ஏதாவது கட்டு வேணும். மூன்றாவது கிழமை ஏ9 வீதிக் கரையில, பின்னால வந்த பஸ் கோன் அடிக்க, பிறேக்கைப் பிடிச்சுக் காலை ஊன்றப் பார்த்திருக்கிறாள். கால் போன இடத்தில நிலம் இல்லை. கிரவலில விழுந்து முழங்கையில தையல். இப்ப அந்தச் சைக்கிள் தமையன்ர. அவள் பஸ் வந்தால் பள்ளிக்கூடம் போறாள். பின்னேர வகுப்பு நிண்டுபோச்சு. வீட்டில கேட்டால், "அவளுக்குச் சைக்கிள் ஓட்டம் சரிவராது" என்கினம்.

எனக்குக் கோபம் வாறது இந்த வசனத்தில்தான். பிழை இரும்பில. பழி பிள்ளையில.

முதலில் அளவு என்றால் என்ன என்று பார்ப்போம். கடையில போய்க் கேட்டால் "26" என்பார்கள். அது பெரும்பாலும் சில்லின் அளவு. உங்கள் உடம்போடு நேரடியாகச் சம்பந்தப்படுவது பிறேமின் அளவு: பெடல் அச்சின் நடுவிலிருந்து சீற் பைப் நுழைகிற குழாயின் மேல்நுனி வரைக்கும் உள்ள நீளம். ஒரே 26 சில்லில சின்னப் பிறேமும் வரும், பெரிய பிறேமும் வரும். சில்லை மட்டும் கேட்டு வாங்குவது, செருப்பின் நீளத்தைக் கேட்காமல் வாரின் நிறத்தைக் கேட்டு வாங்குவது மாதிரி.

உங்கள் அளவை எடுக்க ஒரு கொப்பியும் அளவு நாடாவும் போதும். வெறுங்காலோடு சுவரில சாய்ந்து, பாதங்களுக்கு இடையில ஒரு சாண் அளவு விட்டு நில்லுங்கள். மட்டை தடிப்பான கொப்பி ஒன்றைக் கவட்டுக்குள், சீற்றில இருக்கிற மாதிரி இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பு சுவரில படுகிற இடத்தில கோடு போடுங்கள். கோட்டிலிருந்து நிலம் வரைக்கும் உள்ளதுதான் உங்கள் கால் அளவு. அதை 0.66 ஆல் பெருக்கினால் உங்களுக்குப் பொருந்துகிற பிறேமின் அளவு கிட்டத்தட்ட வந்துவிடும். 0.88 ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீற்றின் மேற்பக்கம் வரைக்கும் இருக்க வேண்டிய உயரம்.

என்ர தங்கச்சியின் கால் அளவு 70 சென்ரிமீற்றர். 0.66 ஆல் பெருக்கினால் 46, அதாவது 18 அங்குலம். அவளுக்குக் கொடுத்தது 22 அங்குலப் பிறேம், 56 சென்ரிமீற்றர். அவளின் சீற் உயரம் 62க்குக் கிட்ட இருக்க வேண்டும். 56க்கு மேல சீற்றின் தடிப்பையும் கம்பியையும் சேர்த்தால், எவ்வளவு இறக்கினாலும் 62க்கு வராது. அவள் பழகவில்லை, பயந்தவள், பொம்பிளைப் பிள்ளை என்று சொன்னதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால நிற்காது.

இனி எங்கட பெரியாக்களின் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் சின்னனில அப்பாவின்ர பெரிய சைக்கிளைப் பாருக்குக் கீழால காலை விட்டுத்தானே ஓடினனாங்கள்?" ஓம், ஓடினீங்கள். அந்த 28 சில்லு, 22 அங்குல ஜென்ற்ஸ் சைக்கிளின் பார் நிலத்திலிருந்து கிட்டத்தட்ட 85 சென்ரிமீற்றர் உயரத்தில வரும். இரண்டு பாதமும் நிலத்தில ஊன்றிப் பாருக்கு மேலால நிற்க ஆறடி ஆள் வேணும். எங்கட அப்பாமார் எத்தனை பேர் ஆறடி? பெடலில ஒரு கால் வைத்துக் கெந்தி, கரியலுக்கு மேலால மற்றக் காலைத் தூக்கிப்போட்டு ஏறினார்கள். நிற்பாட்ட முதலே குதித்து இறங்கினார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லாத வன்னியை அந்தச் சைக்கிள்கள்தான் சுமந்தன. விறகு, நெல் மூட்டை, இடம்பெயரும்போது முழு வீடும் அதில்தான் போனது. அதை நான் குறைச்சுப் பேசவில்லை.

ஆனால் அது வேறு வழி இல்லாத காலம். இப்போது ஏ9 காப்பெற் வீதி. சொகுசு பஸ்ஸும் கொண்டெயினரும் பறக்கிற வீதி. அதில் ஒரு பிள்ளை உடனே நின்று காலை ஊன்ற முடியவேண்டும். கஷ்டத்தில் கண்டுபிடித்த வித்தையை, காசு கொடுத்துப் புதிதாக வாங்குகிறபோதும் பிள்ளையின் தலையில கட்டுவது பாரம்பரியம் இல்லை.

அடுத்தது "வளருவாள்தானே." சட்டை பெரிதாக இருந்தால் தொங்கும், அவ்வளவுதான். சைக்கிள் பெரிதாக இருந்தால் விழுத்தும். இரண்டு வருசம் கழித்துச் சரிவரும் சைக்கிள் என்பது இரண்டு வருசம் ஓட முடியாத சைக்கிள். ஓட்டம் பழக வேண்டிய அதே இரண்டு வருசம்.

லேடீஸ், ஜென்ற்ஸ் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பார் இல்லாத பிறேமில ஏறி இறங்குவது லேசு. சாரத்தோட போற அப்புவுக்கும் அது நல்லது. ஆனால் பார் இல்லை என்பதற்காக அது சின்னன் ஆகிவிடாது. சீற் உயரமும் ஹாண்டிலின் தூரமும் அப்படியேதான் இருக்கும். என்ர தங்கச்சிக்குக் கிடைத்ததும் லேடீஸ் சைக்கிள்தான். மற்றப் பக்கம், 1990களின் தொடக்கத்தில தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தோட ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினபோது, லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ற்ஸ் சைக்கிளையும் ஓடினார்கள். பாரில பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்ததை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆக, ஆணா பெண்ணா என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, கால் எவ்வளவு நீளம்.

கொடுப்பவர்கள் சொல்வார்கள்: "மொத்தமாக எடுத்தால்தான் விலை குறையும், ஒவ்வொன்றாக அளக்க ஏலாது." இந்தியாவின் பீகார் மாநிலத்தைப் பாருங்கள். 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க அரசு 2,000 ரூபாய் காசாகக் கொடுத்தது. சைக்கிளைக் குடும்பம் கடையில போய் எடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், அந்தத் திட்டம் இடைநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளின் சேர்வை 32 வீதத்தால் கூட்டியது என்று கண்டார்கள். காசாகக் கொடுத்ததால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முழு மாநிலமே பிள்ளையைக் கடைக்கு அனுப்ப முடிந்தால், பதினைஞ்சு பிள்ளையின் காலை அளக்க எங்கட சங்கங்களால ஏலாதா? ஒரு பின்னேர வேலை. தலைமையுரையை விடக் குறைஞ்ச நேரம்தான் பிடிக்கும்.

விழா வைக்கிறவர்களிடம் நான் கேட்பது மூன்று விசயம். பெயர்ப் பட்டியலில் பேருக்குப் பக்கத்தில கால் அளவையும் எழுதுங்கள். குறைந்தது இரண்டு மூன்று அளவில் சைக்கிள் எடுங்கள். படம் எடுக்க முதல் பிள்ளையை ஏற்றி இருத்திப் பாருங்கள். சரிவராவிட்டால் கடையில மாற்றலாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

புதிதாக வாங்குகிற உங்களிடம்: ஏறி இருந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பார் உள்ளது என்றால் பாருக்கும் கவட்டுக்கும் இடையில இரண்டு விரலாவது இருக்க வேண்டும். சீற்றில இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் கொஞ்சம் மடியும். மடிப்புக் கூடினால் முழங்காலின் முன்பக்கம் நோகும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் கூட. ஹாண்டிலைப் பிடிக்க முழங்கையை விறைப்பாக நீட்ட வேண்டியிருந்தால் அதுவும் பெரிய சைக்கிள். கடைக்கார அண்ணை "ஓட ஓடப் பழகும்" என்றால், சிரித்துவிட்டு அடுத்த அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

வாற மாதம் தமையனுக்குச் சொல்லி அந்தச் சைக்கிளை விற்று, பழைய 18 அங்குலம் ஒன்று எடுக்கிற யோசனை. சித்தி இன்னும், "அவள் வளர்ந்திடுவாள், பிறகு வீண்" என்கிறா. வளரட்டும். அதுவரைக்கும் அவள் பின்னேர வகுப்புக்குப் போகட்டும்.