விநாடிக்கு எத்தனை சட்டகங்கள்?

திரைப்படத்திற்கு விநாடிக்கு 24 படச்சட்டகங்கள் போதுமெனில், கணினியில் சுடும் ஆட்டங்களுக்கு 360 எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியே பிழையானது என்பது எங்கள் கருத்து. திரைப்படத்தைப் பார்வையாளன் பார்க்கிறான். 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடுபவனோ பார்த்ததற்கு உடனே எதிர்வினை ஆற்றியாக வேண்டும்.

விநாடிக்கு 60 சட்டகங்கள் எனில் ஒவ்வொன்றும் 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 144 எனில் 6.9. திரையும் அதே வேகத்தில் புதுப்பிக்கப்படுமானால், சுவரோரம் தலைநீட்டும் எதிரி ஏறக்குறைய 10 மில்லி விநாடி வரை முன்னதாகத் தென்படுவான். சமவலிமை கொண்டோரிடையே இது சிறிதன்று. ஆனால், 240இலிருந்து 360க்குச் சென்றால் மிஞ்சுவது வெறும் 1.4 மில்லி விநாடி. கண்டதும் விரல் அசையவே 200 மில்லி விநாடி அளவு ஆகிறது. அதுவும் முறைக்குமுறை மாறுகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே இச்சிறு ஆதாயம் கரைந்துவிடும்.

பெரும் போட்டி மேடைகளில் அனைவருக்கும் ஒரே தரத்துக் கணினிகள் தரப்படுகின்றன. வீட்டிலிருந்து ஆடும் தரவரிசை ஆட்டங்களிலோ பணமும் சேர்ந்து விளையாடுகிறது. எனவே 60இல் தோற்கும் சிறுவனைத் திறனற்றவன் என்னுமுன் அவனது திரையையும் பாருங்கள் என்கிறோம். 240இல் தோற்பவர் புதுத்திரை வாங்குவதைவிடப் பயிற்சியைக் கூட்டுவதே நல்லது.