22.50 ரூபாய் 22 ஆனது எப்படி? பட்டாசு பில்லில் பைத்தான் போடும் கணக்கு!

சிவகாசியில் வரி சேர்க்காமல் 250 ரூபாய்க்கு பட்டாசு வாங்குறீங்க. ஜிஎஸ்டி 18%. மத்திய, மாநில வரி தலா ரூ.22.50.

சட்டம் சொல்வது என்ன?

சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 170-ன்படி, 50 பைசாவோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த ரூபாய். ஆக, ரூ.23.

பைத்தான் சொல்வது என்ன?

பைத்தான் 3-ன் 'ரவுண்ட்' கட்டளை போட்டால் 22! சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவதே அதன் விதி. எப்பவும் மேலேயே ஏற்றினால் மொத்தக் கணக்கு வீங்கிடும் என்பதுதான் காரணம். 23.50 என்றால் சரியாக 24 வரும். அதனால் பிழை சட்டென கண்ணில் படாது.

யாருக்கு நஷ்டம்?

வரி ரூ.46-க்கு பதில் ரூ.44. இப்படி ஆயிரம் பில் போட்டால் ரூ.2,000 குறையும். அதைக் கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான்.

தீர்வு?

'டெசிமல்' தொகுப்பில் உள்ள 'ரவுண்ட் ஹாஃப் அப்' முறை. அதில் 22.50, 23 ஆகிவிடும்.