புல்லு வெட்டும் மெசின் வாங்க முன்

மாரிகால இதழில் பனி வழிப்பது பற்றி எழுதியிருந்தோம். இப்போது பனி கரைந்து புல்லு பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வைகாசி பிறந்தால் ரொறன்ரோவில் கிழமைக்கு ஒருமுறை புல்லு வெட்டவேண்டி வரும். ஐப்பசி மட்டும் விடாது. பேஸ்மென்ரில் இருந்து முதன்முதலாக ஒரு முழு வீட்டுக்கு மாறியிருக்கும் குடும்பங்கள் சில, என்ன மெசின் வாங்குவது என்று எங்களிடம் கேட்டிருந்தன. பிழையான மெசினை வாங்கி அடிபட்டவர்கள் என்ற தகுதியில் பதில் எழுதுகிறோம்.

ஊரில் முற்றத்தில் புல்லு நின்றால் அது குறைச்சல். அம்மா விடியற்புறம் எழும்பிக் கூட்டுவா. தைப்பொங்கல் வருகிறதென்றால் உழவாரத்தை எடுத்துச் செருக்கி, சாணகம் தெளித்து விடுவோம். முற்றத்தில் புல்லு மண்டிக் கிடந்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். இங்கே கதை வேறு. புல்லு இருக்கவேண்டும், ஆனால் வளரக்கூடாது. ரொறன்ரோ நகரசபைச் சட்டப்படி புல்லு 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் நகரசபையே ஆள் விட்டு வெட்டிவிட்டு, செலவை வீட்டு வரியோடு சேர்த்துவிடும்.

நாங்கள் ஸ்காபரோவில் வாடகைக்கு வீடு எடுத்தபோது, "புல்லு உங்கள் பொறுப்பு" என்றார் வீட்டுக்காரர். சரி என்று தலையாட்டினோம். ஒரு கராஜ் சேலில் பெரிய பெற்றோல் மெசின் ஒன்று 60 டொலருக்கு நின்றது. 21 அங்குல அகலம், தானாக ஓடும் சில்லு. புதிது வாங்கினால் எத்தனை மடங்கு கொடுக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சந்தோசத்தோடு தூக்கிவந்தோம். எங்கள் புல்லின் அளவை நாங்கள் யோசிக்கவேயில்லை. முன்னுக்கு 20 அடிக்கு 25 அடி, பின்னுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஊர்க் கணக்கில் அரைப் பரப்பு வராது. யாருமே அந்த மெசினைப் பார்த்தால் தோட்டக்காணி வாங்கிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

எங்களுக்கு இரவு சிப்ட். பகலில் வெட்ட நேரம் கிடைப்பது மனைவிக்குத்தான். ஆனால் அவவால் அந்தக் கயிற்றை இழுத்து ஸ்ரார்ட் பண்ண முடியவில்லை. அதனால் புல்லு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும். சனிக்கிழமை மழை பெய்தால் அடுத்த சனி. அப்படித்தான் ஒருமுறை நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் ரெலிபோனில் கத்தினார். ஈரம் காயமுன்னமே மைத்துனர் மெசினை எடுத்தார்.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும. பெற்றோல் மெசின்களில் கைபிடியோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு கம்பி இருக்கும். அதை விட்டால் கத்தி நிற்கவேண்டும். எங்களுடைய மெசினில் அந்தக் கம்பியைப் பழைய சொந்தக்காரர் நைலோன் கயிற்றால் கைபிடியோடு கட்டியிருந்தார். கை நோகாமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்று நாங்களும் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டோம். ஈரப் புல்லு வாயில் அடைத்தது. மைத்துனர் கைபிடியை விட்டுவிட்டுக் குனிந்து விரலால் தோண்டினார். கத்தி நிற்கவில்லை. "அத்தான், கை" என்று மட்டும் சொன்னார். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

நாங்கள் வேலை செய்வது தகடு அமுக்கும் பிரஸ் மெசினில். அங்கே இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமர்த்தினால்தான் பிரஸ் இறங்கும். உள்ளே தகடு சிக்கினால் கரன்டை நிற்பாட்டி, பூட்டுப் போட்டு, திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கையை விடுவோம். இதை வருடக்கணக்காகச் செய்த ஆட்கள், வீட்டில் கயிறு கட்டிய மெசினை இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறோம். மைத்துனருக்கு ஏஜென்சி வேலை. ஏழு கிழமை சம்பளம் இல்லை. வீட்டில் பட்ட காயத்துக்கு வேலையிட நட்டஈடும் இல்லை. அந்த இரண்டு மாதமும் ஊருக்குக் காசு அனுப்பவில்லை. ஏன் என்று மாமிக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை.

இனி விசயத்துக்கு வருவோம். கடைக்குப் போகமுன் புல்லை அடியால் அளந்து பாருங்கள். ஒரு பரப்பு என்பது கிட்டத்தட்ட 2,720 சதுர அடி. அதற்குக் குறைந்த, மட்டமான புல்லுக்கு பெற்றோல் மெசின் தேவையே இல்லை என்பது எங்கள் எண்ணம். அடுத்ததாக, வீட்டில் யார் வெட்டப்போகிறார் என்று பாருங்கள். அவர் கடையிலேயே அந்த மெசினைத் தள்ளி, தூக்கிப் பார்க்கவேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியவர் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர். கட்டுப்போட்ட கையைக் கண்டுவிட்டுத் தன் கராஜிலிருந்து இஞ்சின் இல்லாத உருளை மெசினை உருட்டிக்கொண்டு வந்தார். தள்ளத் தள்ள உருளையில் இருக்கும் கத்திகள் சுழன்று, கீழே இருக்கும் தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டு கண்டுபிடித்தது இது. துணி ஆலையில் துணியின் மேல் மயிரை மட்டமாக வெட்டும் மெசினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். நாங்களும் பிறகு ஒன்று 140 டொலருக்குப் புதிதாக வாங்கினோம். பிள்ளை நித்திரை கொள்ளும்போதே மனைவி வெட்டி முடித்துவிடுவா, சத்தம் இல்லை. இதன் குறைபாடு என்னவென்றால், புல்லு நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் வெட்டாமல் படுத்துவிடும். சுள்ளி அகப்பட்டால் இறுகிவிடும். மஞ்சள் பூப் பூக்கும் டான்டிலயனின் தண்டு தப்பிவிடும். கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வெட்டுபவர்களுக்கே சரிவரும்.

வயர் மெசின் பாரம் குறைவு, பெற்றோல் ஒயில் கரைச்சல் இல்லை. வெளியில் பாவிக்கவென்று செய்த எக்ஸ்ரென்சன் வயர் வாங்கவேண்டும். 100 அடி என்றால் 14 கேஜ் வயர். கேஜ் இலக்கம் குறையக் குறைய வயர் தடிப்பம். வீட்டுக்குள் ரேடியோவுக்குப் போடும் மெல்லிய வயரைப் போட்டால் சூடாகி மோட்டார் பழுதாகும். பிளக் பொயின்ருக்குக் கிட்டத் தொடங்கித் தூரப் போய்க்கொண்டே வெட்டுங்கள், அப்போது வயர் கத்திக்குப் பின்னால் கிடக்கும்.

பற்றறி மெசின் நல்லது, விலைதான் கூட. விலையில் பெரும்பங்கு பற்றறிக்கே போகிறது. பற்றறியை மாரிகாலத்தில் கராஜில் விறைக்க விடாமல் வீட்டுக்குள் வைக்கவேண்டும்.

பெரிய வளவு, மேடு பள்ளம் என்றால் பெற்றோல் மெசின்தான் வேண்டும். பழையது வாங்குவதென்றால் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொல்லி, அந்தக் கம்பியை விட்டுப் பாருங்கள். மூன்று விநாடிக்குள் கத்தி நிற்காவிட்டால், கயிறு கட்டியிருந்தால், பத்து டொலருக்குத் தந்தாலும் வேண்டாம். அடைத்தால் இஞ்சினை நிற்பாட்டி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தடியால் தோண்டுங்கள். வயர் மெசின் என்றால் பிளக்கை, பற்றறி மெசின் என்றால் பற்றறியைக் கழற்றவேண்டும். செருப்போடு வெட்டவேண்டாம். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கோடைகாலத்தில் நம்மவர் வளவுகளில் பாதிப்பேரின் காலில் செருப்புத்தான்.

உயரத்தை மூன்று அங்குலத்தில் வையுங்கள். ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்டத் தேவையில்லை என்று நாங்களும் நினைத்தோம். வெயிலில் புல்லு எரிந்து, அந்த இடமெல்லாம் களை பிடித்ததுதான் மிச்சம். ஒன்ராறியோவில் அழகுக்காகக் களைநாசினி அடிப்பது 2009இலிருந்து தடை. வெட்டிய புல்லை அள்ளவேண்டாம், அப்படியே விட்டால் பசளை. ரொறன்ரோவில் அதை நகரசபை எடுத்துப்போவதும் இல்லை.

சத்தம் போடும் மெசின் என்றால் இரவிலும் காலை 7 மணிக்கு முன்பும் ஓட்டக்கூடாது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 9 மணி மட்டும் பொறுக்கவேண்டும். இரவு சிப்ட் முடித்து ஆறரை மணிக்கு வந்து இறங்குபவர்கள் கவனிக்கவும்.

60 டொலர் மெசினை விற்கவில்லை. இன்னொருவர் கைக்கு அது போகக்கூடாது என்று மைத்துனரே பிளக் வயரை வெட்டி, பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த இதழில் பேஸ்மென்ற் சுவரில் தண்ணீர் கசிவது பற்றி எழுதுவோம்.